ஒரே பாத்தியில் கத்தரியும் கொத்துமல்லியும்

எனக்கு இருபத்திரண்டு வயது ஆகும்வரை நான் மண்ணில் ஒரு விதையைக்கூட ஊன்றியதில்லை. தங்கசாலைத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஆறு குடித்தனம் இருந்த வீட்டில் பிறந்து, அதே போன்ற இன்னொரு வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். எங்கள் முற்றத்தில் குழாயும் துவைக்கிற கல்லும் போக ஒரு துளசிக்குக்கூட இடம் கிடையாது. அப்படிப்பட்ட நான் அம்பத்தூரில் ஒரு தோட்டம் போட்டேன். அதைப் பற்றிப் பெருமையாகத்தான் எழுதப் போகிறேன். அடக்கமாக எழுத எனக்கு வராது.

நான் போட்டேன் என்று எழுதிவிட்டேன். தப்பு. நாங்கள் இரண்டு பேர் போட்டது.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிய சித்திரை மாதத்தில் நாங்களும் கிளம்பினோம். என் கணவருக்கு ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிற வேலை. ரயிலில் போய் வர வசதி என்று அம்பத்தூரில் ஒரு விவசாயக் குடும்பத்தின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்தார். இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், அதற்கப்புறம் கொல்லை. கொல்லையின் நீள அகலத்தைக் கண்ணாலேயே அளந்து பார்த்தேன். எங்கள் பழைய வீடு முழுவதையும் அதில் வைத்துவிடலாம். ஓரத்தில் வீட்டுக்காரர் குடும்பமும் தண்ணீர் எடுக்கும் கிணறு; மற்றபடி உடைந்த ஓடும் முள்ளுமாகக் கிடந்தது.

"சும்மாதான் கெடக்குது. இன்னா வேணும்னாலும் போட்டுக்கோம்மா" என்றார் வீட்டுக்காரர். அறுபது வயதுக்காரர். ஏரிப் பாசனத்தில் நிறைய நிலம் உள்ளவர்.

முள்ளை வெட்டவும் ஓட்டைப் பொறுக்கவும் எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. என் கணவர் அச்சுக்கூடத்தில் பாழான தாள்களோடு ஒரு துண்டுப் பிரசுரமும் கொண்டுவந்தார். யுத்த காலம் என்பதால் எல்லோரும் வீட்டிலேயே காய்கறி போடச் சொல்லிப் பிரசுரங்கள் வந்துகொண்டிருந்தன. ஒரு பாத்தியில் ஒரே வகைச் செடிதான் இருக்கவேண்டும், இடையில் வேறெதுவும் முளைக்கவிடக்கூடாது என்று அதில் போட்டிருந்தது. நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அவருக்குக் கத்தரிக்காய் என்றால் உயிர். ஆடியில் நாற்றுப் போட்டு, ஆவணியில் கயிறு பிடித்து, நாற்பது கத்தரிச் செடிகளை நேர்கோட்டில் நட்டேன். ஒரு புல் முளைத்தால் கிள்ளி எறிந்தேன். மண் கூடம் மாதிரி சுத்தமாக இருந்தது. வேலை முடிந்து வந்தவர் கொல்லைக் கதவில் நின்று பார்த்துவிட்டு, "அச்சுக் கோர்த்த மாதிரி கீது" என்றார். அவரிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது.

ஐப்பசியில் ஒரு காலை, நான்கு செடிகளின் நுனி தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றினேன். மறுநாள் பதினொன்று தொங்கின. ஒரு நுனியை ஒடித்துப் பிளந்து பார்த்தால் உள்ளே வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு புழு. அடுப்புச் சாம்பலைத் தூவினேன். சாம்பல் இலைமேல்தான் படியும். தண்டுக்குள் உட்கார்ந்திருப்பவனை அது என்ன செய்யும்? பிஞ்சு விட்ட காய்களிலும் ஓட்டை. கார்த்திகையில் முதல் காயை அரிந்து, பாதியைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் குழம்பு வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அந்த ஒன்றும் சொல்லாததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் அவர் ரயிலுக்குப் போனதும் நாற்பது செடிகளையும் பிடுங்கிக் குவித்துக் கொளுத்தப் போனேன். அழுதுகொண்டேதான் பிடுங்கினேன்.

கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் வாய்க்கால். வாய்க்கால் கரையில் தலையில் புல்லுக்கட்டோடு ஒருத்தி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரரின் வயலில் நடவுக்கும் களைக்கும் வருகிறவள் என்று தெரியும். பேசியதில்லை. என் வயதுதான் இருக்கும்.

"இன்னாம்மா, அல்லாத்தியும் புடுங்கிகினு கீறீங்க?"

"பூச்சி."

"அல்லாத்துலயுமா?"

"அல்லாத்துலயுந்தான்."

அவள் புல்லுக்கட்டைச் சரிசெய்துகொண்டாள். "எங்களுதுல அம்மாம் இல்லியே" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க, காட்டு" என்று வேலியைத் தாண்டினேன். வேலி என்பது நான்கு கள்ளிச் செடி. சேலையைத் தூக்கிக்கொண்டால் தாண்டிவிடலாம்.

அவள் தோட்டம் வாய்க்கால் கரையில் நான்கு பாய் விரிக்கிற அளவு. அது தோட்டம் என்று அவள் சொல்லியிருக்காவிட்டால் புதர் என்றுதான் நினைத்திருப்பேன். ஏழெட்டுக் கத்தரி. அவற்றின் காலடியில் வெங்காயம். நடுநடுவே கொத்துமல்லி, கீரையாகக் கிள்ளியது போக மீதி பூத்துக் காய்த்து நின்றது. ஓரத்தில் காராமணி, மூலையில் ஆமணக்கு, துலுக்கச் சாமந்தி நாலு. கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். இருபது காயில் இரண்டில்தான் ஓட்டை.

"ஏன் இப்டி எல்லாத்தையும் ஒண்ணா அடைச்சு வச்சிருக்கே?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "எடம் அம்மாந்தான் கீது. கொத்துமல்லிய எங்க போடறது, வெங்காயத்த எங்க போடறது? உங்களுக்குக் கொல்லி கீது, வரிசியா நிக்க வெக்கிறீங்க."

"பூச்சி ஏன் வரல?"

"எனுக்கு இன்னா தெரியும்? வேலைக்குப் போறேன், வரேன். தண்ணி ஊத்துறேன். அதுபாட்டுக்குக் கீது."

அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் நான் பகலெல்லாம் வீட்டில் இருப்பவள். அந்த வாரம் முழுவதும் சோறு வடித்துவிட்டு அவள் செடிகளுக்கு நடுவில் போய்க் குந்திக்கொண்டேன். கொத்துமல்லிப் பூவில் கொசு அளவு குளவிகள் வந்து மொய்த்தன. நூல் மாதிரி இடுப்பு. பூவில் உட்கார்ந்துவிட்டு, எழும்பிப் போய்க் கத்தரி நுனியில் ஊர்ந்தன. காராமணித் தண்டில் கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பியிருந்தது. அதைத் தின்னப் பொறிவண்டு வந்தது. ஆமணக்கு இலை சல்லடையாக இருந்தது. பக்கத்தில் இருந்த கத்தரி இலை முழுசாக இருந்தது. நான் சுத்தம் என்று நினைத்துக் கிள்ளி எறிந்ததில் பாதி அங்கே வேலை செய்துகொண்டிருந்தது. என் நாற்பது செடிகள் நின்ற மண்ணில் ஒரு பூச்சிக்கும் வேறு போக்கிடம் இல்லை. வந்த பூச்சிக்கெல்லாம் கத்தரிதான் இலை போட்ட விருந்து.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். எழுத்துக் கோர்க்கிறவர்கள் எதையும் ஒருமுறை பார்த்து நம்பமாட்டார்கள். "அது அந்த எடத்து ராசியா இருக்கும். நம்ம கொல்லையிலயே ரெண்டு விதமாவும் போட்டுப் பாரு" என்றார்.

தை மாதம் மூன்று பாத்தி போட்டோம். இப்போது 'போட்டோம்' என்று சரியாக எழுதுகிறேன். அவள் வயல் வேலை முடிந்து வேலியைத் தாண்டி வருவாள். முதல் பாத்தியில் கத்தரி மட்டும். இரண்டாவதில் கத்தரிக்குக் கத்தரி ஒன்றரை முழம் விட்டு, நடுவில் வெங்காயமும் கொத்துமல்லியும். மூன்றாவதில் அதோடு ஓரத்துக்குக் காராமணியும் துலுக்கச் சாமந்தியும். தினம் காலையில் தொங்குகிற நுனிகளை எண்ணி, ஒடித்து நெருப்பில் போட்டுவிட்டு, தாழ்வாரச் சுவரில் பாத்திக்கு ஒரு வரிசை, நுனிக்கு ஒரு கோடு என்று கரியால் போட்டேன். அவள் சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாகக் கோடுகளைத்தான் பார்ப்பாள். எண்ணத் தெரியாது என்றாள், ஆனால் எது நீளம் எது குட்டை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பங்குனிக்குள் முதல் பாத்தியின் கோடுகள் சுவர் முனையைத் தொட்டுத் திரும்பி இரண்டாம் வரிசைக்கு வந்துவிட்டன. மூன்றாம் பாத்திக்கு ஒரு சாண் கோடு.

பூச்சியே வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. எங்களுக்கும் மிச்சம் வைத்தது, அவ்வளவுதான்.

கூட நட்டால் எல்லாம் நன்றாக வரும் என்று நினைத்துவிடவும் கூடாது. மூன்றாவது பாத்தியின் கோடு குட்டையாக இருந்த மிதப்பில் நான் மிளகாய்க்கு நடுவில் பூசணி விதை ஊன்றினேன். பூசணி மூன்றே வாரத்தில் மிளகாயைப் போர்த்திப் படுத்துவிட்டது. அவரைக்கொடியை வெண்டைமேல் ஏற்றினேன். வெண்டை முறிந்து விழுந்தது. அகத்தியில் ஏற்றியிருக்கவேண்டும், அல்லது ஆளுயரச் சோளத்தில். சீமைத்தக்காளியைக் கத்தரிக்குப் பக்கத்தில் வைத்ததில் ஒன்றின் நோய் மற்றதைப் பிடித்துக்கொண்டது. ஒரே சாதிச் செடி இரண்டும், ஒன்றின் நோய் மற்றதற்கும் வரும் என்று பிறகு தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரிப்பாள். அவள் செய்த தப்புக்கு நான் சிரித்தேன். கொத்துமல்லியை மொத்தமாக ஒரே நாளில் தூவிவிட்டாள். எல்லாம் ஒன்றாகப் பூத்து ஒன்றாகக் காய்ந்துவிட்டது, அந்த வாரமே நுனிகள் தொங்க ஆரம்பித்தன. அதற்குப் பிறகு இருபது நாளுக்கு ஒருமுறை ஒரு பிடி தூவினோம். எப்போதும் ஒரு பக்கம் கீரை, ஒரு பக்கம் பூ.

எங்களில் யார் மூத்தவள் என்று இருவருக்கும் தெரியாது. அவள் என்னை அக்கா என்றாள். நானும் அவளை அக்கா என்றேன்.

இதெல்லாம் வீட்டுக்காரரின் காதுக்குப் போக எவ்வளவு நாள் ஆகும்? சித்திரையில் ஒரு காலை என் கணவர் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து வந்தார். என்னிடம் பேசாமல் அவரிடம் பேசினார்.

"இன்னா நைனா, சேரிக்காரி கொல்லிக்குள்ள வந்துகினு போய்கினு கீறாளாம். கெணத்தாண்டயே குந்திகினு கீறாளாம். எங்க ஊட்டுப் பொம்பளிங்க அதுல தண்ணி எடுக்க வாணாவா? பட்டணத்துல எப்டியோ, இங்க அதெல்லாம் நடக்காது."

என் கணவர் ரயிலைப் பார்ப்பாரா, அவரைப் பார்ப்பாரா. "சொல்லி வெக்கிறேங்க" என்றார். நான் உள்ளேயிருந்து, "செடிக்குத் தண்ணி நான்தான் மொண்டு ஊத்துறேன், அவங்க கயித்தையே தொட்டதில்ல" என்றேன். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. "அவள வரவாணாம்னு சொல்லுங்க. அம்மாந்தான்" என்று போய்விட்டார்.

அவள் அன்று சாயங்காலம் வேலியோரம் நின்றாள், தாண்டவில்லை. அதற்குள் அவளுக்குச் சேதி போயிருந்தது.

"வாணாங்க்கா. உங்களுக்கு ஊடு பூடும். எனுக்கு வேலி பூடும்."

அவள் வேலி என்றது வேலையை. நான் அழவில்லை. எனக்கு வந்தது வேறு. அவளை என் பக்கம் வரக்கூடாது என்றுதானே சொன்னார்? நான் அவள் பக்கம் போகக்கூடாது என்று சொல்லவில்லையே! மறுநாள் காலை மண்வெட்டியையும் விதைப் பொட்டலங்களையும் எடுத்துக்கொண்டு, கள்ளியைத் தாண்டி வாய்க்கால் கரையில் இறங்கிவிட்டேன். கரை புறம்போக்கு. ஒருவருக்கும் சொந்தமில்லை. அவளுடைய நான்கு பாய் இடத்துக்கு இரு பக்கமும் கோரையும் எருக்கும்தான். வெட்ட ஆரம்பித்தேன்.

அவள் வயலிலிருந்து வந்து பார்த்துவிட்டு மண்டையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ, இன்னாக்கா இது! உன்ன யாரு இங்க வந்து வெட்டச் சொன்னா?"

"யாரும் சொல்லல. யாரும் வேணாம்னும் சொல்லல. அந்த எருக்கைப் புடி."

தெருப் பெண்கள் பேசினார்கள். பட்டணத்துக்காரி சேரியில் போய் விழுந்து கிடக்கிறாள் என்றார்கள். ஒரு மாதம் என்னோடு யாரும் பேசவில்லை. வீட்டுக்காரர் என் கணவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்; கரை அவருடையது இல்லையே. என் கணவர் பயந்துதான் இருந்தார். வேறு வீடு பார்க்க வேண்டிவரும் என்று இரண்டு தரம் சொன்னார். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இரண்டு குடங்களோடு அவரும் கள்ளியைத் தாண்டினார். அச்சு மை பிடித்த விரல்களோடு அவர் வாய்க்காலில் தண்ணீர் மொண்டு ஊற்றியதை நான் மறக்கவில்லை. அன்றைக்கு அவரைப் பற்றி எனக்கு இருந்த பெருமையை அவரிடம் நான் சொல்லவே இல்லை. சொல்லியிருக்கலாம்.

அடுத்த ஆடியில் கரையில் நூறு முழம் நீளத்துக்குத் தோட்டம் இருந்தது. கத்தரியும் கொத்துமல்லியும் வெங்காயமும் ஒரு பக்கம். தள்ளி ஓரிடத்தில் சீமைத்தக்காளி, அதைச் சுற்றித் துலுக்கச் சாமந்தி. சோளமும் அதில் ஏறும் அவரையும். பூசணிக்குத் தனியாக, யாரையும் அமுக்காமல் கரைச் சரிவு. எல்லைக்கு எல்லை ஆமணக்கு. இரண்டு வீட்டுக்கும் போக மிச்சத்தை அவள் தெருவுக்கும் எங்கள் தெருவுக்கும் கொடுத்தோம். பேசாமல் இருந்தவர்கள் காயை வாங்கும்போது பேசித்தானே ஆகவேண்டும்?

கார்த்திகையில் விவசாய இலாகாவின் டெமான்ஸ்ட்ரேட்டர், ஊர் ஊராகப் போய்ப் பயிர்முறையைச் செய்துகாட்டுகிறவர், சைக்கிளில் அந்த வழியாகப் போனவர் இறங்கிவிட்டார். தொப்பி வைத்த இளைஞர். கரையோரம் நடந்து நடந்து பார்த்தார். குந்தி உட்கார்ந்து கத்தரி நுனிகளைத் தடவினார். "மருந்து எதாவது அடிச்சீங்களா?" என்று கேட்டார். கொத்துமல்லியைக் காட்டினேன். அந்தக் கொசு அளவுக் குளவியைப் பற்றி அவர்தான் சொன்னார், அதில் சில புழுவுக்குள் முட்டை வைத்துப் புழுவைக் கொல்லுமாம். ஒரு வருஷமாக எனக்கு விளங்காதிருந்தது அது. பூந்தமல்லிச் சந்தைத் திடலில் மாசியில் காய்கறிக் கண்காட்சி நடக்கிறது, காய்களைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"எங்க காயி பெருசா ஒண்ணும் இல்லியே" என்றேன் அவர் போனதும். உண்மைதான். ஓட்டை இல்லாத காய்கள், ஆனால் எலுமிச்சை அளவுதான்.

அவள் யோசித்தாள். "காய எத்துனுபோனா இன்னா தெரியும்? கூடியில கொட்டுனா அல்லாக் காயும் ஒண்ணுதான். செடிய எத்துனுபோவோம்."

"செடியையா?"

"பாத்தியவே எத்துனுபோவோம்க்கா."

அவள் கணவர் அப்போது ஆவடி ராணுவ முகாமில் மூட்டை தூக்கப் போய்க்கொண்டிருந்தார். விறகுக்கு என்று உடைந்த மரப்பெட்டிகளை வாங்கி வருவார். அவற்றில் அதிகம் உடையாத இரண்டை எடுத்துவைத்தோம். இரண்டிலும் ஒரே மண், ஒரே எரு. ஒன்றில் கத்தரி மட்டும் இரண்டு செடி. மற்றதில் கத்தரி இரண்டு, வெங்காயம், கொத்துமல்லி, ஓரத்தில் ஒரு சாமந்தி, பெட்டி விளிம்பில் தொங்குகிற காராமணி. மூன்று மாதம் அந்தப் பெட்டிகளைக் கைக்குழந்தை மாதிரி வெயிலுக்கும் நிழலுக்கும் மாற்றி மாற்றி வைத்தோம். பூச்சி எங்களைக் கைவிடவில்லை. தனிக் கத்தரிக்கு நாங்கள் நினைத்தபடி நுனிகள் தொங்கின. தனிக் கத்தரி வாடியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட இரண்டு பெண்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருக்கும்.

கண்காட்சி அன்று விடிந்ததும் ஒரு மாட்டுவண்டியில் பெட்டிகளை ஏற்றினோம். அயப்பாக்கம், திருவேற்காடு வழியாகப் போய், வேலப்பன்சாவடி அருகில் பெரிய ரோட்டில் வண்டி ஏறும்போது சக்கரம் மேட்டில் ஏறி இறங்கியது. பெட்டி சாய்ந்தது. நல்ல பெட்டியிலிருந்த பெரிய கத்தரி, காய் கனத்தில் அடித்தண்டோடு பாதி பிளந்துவிட்டது. நான் இறங்கிப் பெட்டியை நிமிர்த்தினேன். அவள் முந்தானை ஓரத்தைப் பல்லால் கிழித்து, தண்டைச் சேர்த்துச் சுற்றிக் கட்டி, சாவடியருகே கிணற்றில் தண்ணீர் கேட்டு வாங்கி வரச்சொல்லி என்னை அனுப்பினாள். அவள் போய்க் கேட்டால் தரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். கொண்டுவந்து ஊற்றினேன். பூந்தமல்லி போகும்வரை வண்டியில் உட்காராமல், அந்தச் செடியைக் கையால் தாங்கிக்கொண்டு கூடவே நடந்தாள்.

திடலில் பந்தல் போட்டு மேசைகள் வைத்திருந்தார்கள். தட்டுத் தட்டாகக் காய்கள். தலையணை மாதிரி ஒரு பூசணி. மேசைக்குப் பின்னால் நோட்டோடு உட்கார்ந்திருந்தவர் எங்கள் பெட்டிகளைப் பார்த்தார்.

"இது இன்னா வகை? கத்தரியா, கீரையா, பூவா?"

"எல்லாந்தான்" என்றேன்.

"அப்படி ஒரு வகை இதுல இல்லம்மா. ஒரு தட்டுக்கு ஒரு காய்தான்."

டெமான்ஸ்ட்ரேட்டரைத் தேடினேன், காணவில்லை. வெளியே புளியமரத்தடியில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் நோட்டுக்காரர். வைத்தோம். எனக்குக் கண் கலங்கியது. இத்தனை மைல் தாண்டி வந்தது மரத்தடியில் உட்காரவா?

பந்தலுக்குள் போகிறவர்கள் எல்லாரும் அந்த மரத்தடி வழியாகத்தான் போகவேண்டும் என்பதை நான் கவனிக்கவில்லை. முதலில் ஒருவர் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டிய விவசாயி. "இன்னா இது, ஒண்ணு வாடிகினு கீது, ஒண்ணு நல்லா கீது? இதுக்கு எரு போடலியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "ரெண்டுக்கும் ஒரே எருதான். குந்திப் பாருங்க. இதோ, இந்தப் பூவுல கீது பாருங்க சின்னக் கொளவி. அது நம்ம ஆளு. பூ இருந்தா அது வரும். அது வந்தா புழுவு ஒழியும். இந்தப் பொட்டியில பூவு ஏது?"

அவர் குந்தினார். வயலில் தலை குனிந்தபடி வேலை செய்தே நான் பார்த்திருந்த அந்தப் பெண் நிமிர்ந்து நிற்க, நிலக்காரர் ஒருவர் அவள் காலடியில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள். மத்தியானத்துக்குள் பந்தலுக்குள் இருந்த கூட்டத்தைவிட மரத்தடியில் கூட்டம் அதிகம். அவள் தொண்டை கட்டும்வரை பேசினாள். எத்தனை முழம் இடைவெளி, எத்தனை நாளுக்கு ஒரு பிடி கொத்துமல்லி, எதோடு எது ஆகாது. பூசணியை நான் மிளகாயில் போட்ட கதையையும் விடவில்லை. என்னைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிற்பகலில் டெமான்ஸ்ட்ரேட்டர் அவருடைய மேலதிகாரியோடு வந்தார். கண்ணாடி போட்ட பெரியவர். என்னைப் பார்த்து, "நீங்கதான் செஞ்சதா?" என்று கேட்டார். பெரிய அதிகாரி என்ற பதற்றத்தில் நான் சுத்தத் தமிழில் ஆரம்பித்தேன். "கொத்துமல்லியின் வாசனையால் பூச்சிகள் அண்டாமல்…"

"வாசனி இல்லக்கா, பூவு" என்று இடைமறித்தாள் அவள். "வாசனின்னா காஞ்ச செடியிலயுந்தான் கீது. பூவு காஞ்சதுமே பூச்சி வந்துச்சு. மறந்துட்டியா?"

பெரியவர் அவள் பக்கம் திரும்பினார். அதற்குப் பிறகு அவர் கேட்ட எந்தக் கேள்வியையும் என்னிடம் கேட்கவில்லை. காராமணியில் அசுவினி இருக்கிறதே, பிடுங்கவேண்டாமா என்றார். "அது அங்கியே கெடக்கட்டும் சாமி. அங்க கெடந்தாதான் பொறிவண்டு வரும்" என்றாள். தண்டில் சுற்றியிருந்த சேலைக் கிழிசலைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். வழியில் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

பரிசு எங்களுக்கு இல்லை. அதற்கு வகை இல்லையே. தலையணைப் பூசணிக்குக் கிடைத்தது. ஆனால் மறு மாதம் டெமான்ஸ்ட்ரேட்டர் சைக்கிளில் சேரிக்கே வந்து, கிராமத்துப் பெண்களுக்கு இதைச் செய்துகாட்ட வரமுடியுமா என்று அவளைக் கேட்டார். அவள் உடனே என்னைப் பார்த்தாள். "நீயும் வந்தா வரேன்."

வீட்டுக்காரர் மட்டும் கடைசிவரை மாறவில்லை. அவர் மிளகாய் வயலில் இலை சுருண்டபோது வாய்க்கால் கரைக்கு வந்தார், ஒரு கஜம் தள்ளி நின்று அவளிடம் விசாரித்தார், சொன்னதைக் கேட்டுக்கொண்டு போனார். கிணற்றை அவள் தொடலாம் என்று சொல்லவில்லை. அதை மறைத்து எழுதினால் நான் எழுதும் பெருமையெல்லாம் பொய்யாகிவிடும்.

நாங்கள் முதலில் போனது நெமிலிச்சேரிக்கு. ஆவடிவரை ரயில், அதற்கப்புறம் வண்டி. ரயிலில் அவள் முதன்முறையாக ஏறினாள். ஜன்னல் கம்பியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஊர்ப் பொதுவில் ஒரு துண்டு நிலத்தைக் கொத்தி வைத்திருந்தார்கள். முப்பது பெண்கள் இருப்பார்கள், பல தெருக்காரர்கள். அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நடுவில் இறங்கினாள். கையால் அளந்து காட்டினாள். ஒருத்தி கையில் வெங்காயத்தைக் கொடுத்து ஊன்றச் சொன்னாள், தப்பாக ஊன்றியதும் பிடுங்கித் திரும்ப ஊன்றவைத்தாள். அவள் குரலில் தயக்கமே இல்லை.

நான் பெண்களோடு பெண்ணாகத் தரையில் உட்கார்ந்திருந்தேன். மடியில் விதைப் பொட்டலங்கள். பக்கத்தில் இருந்தவள் என்னை இடித்தாள்.

"யாரு இந்தம்மா? சர்க்கார் ஆளா?"

"அம்பத்தூரு. தோட்டக்காரம்மா."

"நீ யாரு?"

"நானு அவங்களோட வந்தவ" என்றேன். சொல்லும்போது எனக்கு முதுகு நிமிர்ந்தது. பக்கத்தில் இருந்தவள் கையை நீட்டினாள். ஒரு பிடி கொத்துமல்லி விதையை அதில் போட்டு, இரண்டாக உடைத்துவிட்டுத் தூவவேண்டும், அப்போதுதான் சீக்கிரம் முளைக்கும் என்று சொல்லிக்கொடுத்தேன்.